ஏற்காட்டுக் குளிரும் ஜன்னல் இடுக்கும்: ஒரு படுக்கையறையைச் சரிசெய்த அனுபவம்

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்கள், இன்னொரு ஹீட்டர் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஊதுபத்தியை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் ஜன்னல் ஓரமாக மெதுவாக நடந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பா அம்மா படுக்கும் அறையில் அப்படிப் பார்த்ததில்தான் இந்த வேலையே ஆரம்பித்தது. ஜன்னல் கதவுகளைச் சாத்திக் கொக்கியும் போட்டிருந்தோம், ஆனாலும் இடுக்கில் பிடித்த புகை படுத்துக்கொண்டு அறைக்குள் ஓடியது. மேலே வெண்டிலேட்டர் பக்கம் பிடித்தால் அதே புகை நேராக வெளியே போனது. கீழே குளிர்காற்று உள்ளே வருகிறது, மேலே சூடான காற்று வெளியே போகிறது, நடுவில் 2000 வாட் ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா அப்போதும் மஃப்ளரைக் கழற்றவில்லை.

வீடு கட்டியது சேலத்து மேஸ்திரி, பிளானும் சேலத்துப் பிளான். சமவெளிக்கு அது நல்ல பிளான்தான். எதிரெதிர் ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலேயும் மூடவே முடியாத சிமெண்ட் ஜாலி வெண்டிலேட்டர். சித்திரை வெயிலில் கூரைக்கடியில் தேங்கும் சூடு ஜாலி வழியாக வெளியே போக வேண்டும், அதற்குப் பதிலாகக் கீழிருந்து புதுக் காற்று வர வேண்டும் என்பதற்காக வைத்தது. அதே பிளானை மலைமேல் கட்டினால் அது மார்கழியிலும் அதே வேலையைத்தான் செய்யும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்குப்படி பார்த்தாலே இரண்டுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம் வருகிறது. அதோடு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று நேராக அந்த அறையின் ஜன்னலில்தான் வந்து மோதும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பிளானில் ஒரு ஜன்னலாவது மாறியிருக்க வேண்டும், இங்கே நான் பார்த்த புது வீடுகள் பலவற்றில் அது மாறவில்லை.

அப்பாவுக்கு மூச்சு இழுப்பு உண்டு. குளிர் காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலில் சொல்கிறது, வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. நான் 20 டிகிரியை இலக்காக வைத்துக்கொண்டேன். வெளியே 12 டிகிரி இருக்கும் இரவை எடுத்துக்கொண்டால் எட்டு டிகிரி வித்தியாசத்தைத் தாங்க வேண்டும்.

முதலில் வெப்பம் எங்கே போகிறது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டேன். அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி, ஆக உள்ளே இருக்கும் காற்று சுமார் 34 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 0.33 வாட்மணி வேண்டும் (ஆயிரம் வாட்மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). இடுக்கு, வெண்டிலேட்டர் எல்லாம் சேர்ந்து காற்றடிக்கும் இரவில் மணிக்கு ஐந்து முறை அறைக்காற்று முழுசாக மாறுகிறது என்று வைத்தால், அந்தக் காற்றைச் சூடாக்கவே தொடர்ந்து 450 வாட் போகிறது. ஜன்னல் கண்ணாடி இரண்டும் சேர்ந்து மூன்று சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடியில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 5.7 வாட் வெளியே போகும், அதில் ஒரு 140 வாட். வெளிப்பக்கச் சுவர்கள் இரண்டு, மேலே கான்கிரீட் தளம், இந்த இரண்டும் சேர்ந்து 600 வாட் பக்கம். மொத்தம் 1200 வாட்டை ஒட்டி வந்தது. பிளக்கில் மாட்டும் ஒரு சின்ன மீட்டரை வாங்கி ஹீட்டரோடு சேர்த்துப் பார்த்தபோது ராத்திரி ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை சுமார் ஒன்பது யூனிட் காட்டியது, அதாவது தாளில் போட்ட கணக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் கரண்ட் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஒரு ராத்திரிக்கு ஒன்பது என்றால் ஹீட்டருக்கு மட்டுமே 540 யூனிட், யூனிட் ஏற ஏற அடுக்கு விலையும் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சுவருக்கும் தளத்துக்கும் பெரிய வேலை வேண்டும், செலவும் அதிகம். காற்றும் கண்ணாடியும் அப்படியில்லை, ஒரு ஆசாரியும் கொஞ்சம் ரப்பரும் இருந்தால் போதும். அதனால் அங்கிருந்தே ஆரம்பித்தேன்.

ஆனால் எந்த இடுக்கையும் தொடுவதற்கு முன்னால் செய்த வேலை ஒன்று உண்டு. அம்மா சில ராத்திரிகளில் இரும்புச் சட்டியில் கரி கங்கு போட்டு அறை மூலையில் வைப்பார். மலையில் இது பழைய பழக்கம், பக்கத்து வீடுகளிலும் உண்டு. அந்தச் சட்டியை எடுத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டேன், இனி அறைக்குள் அது வரவே கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். கரி கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்கு எழ வேண்டும் என்றுகூடத் தோன்றாது. மலை ஊர்களில் அறையைச் சாத்திக் கரி அடுப்போடு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இத்தனை நாள் எங்கள் வீட்டில் ஒன்றும் ஆகாமல் இருந்ததற்கு அந்த ஓட்டை ஜன்னல்களே காரணமாக இருக்கலாம். இடுக்கை அடைக்கப் போகிறீர்கள் என்றால் கரி, விறகு, புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் எதுவுமே அந்த அறையில் இருக்கக் கூடாது. கேஸுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு, ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியாக அறைக்குள்ளேயே சேரும்.

சரி, ஜன்னலுக்கு வருவோம்.

ஒரு துண்டுத் தாளை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துச் சாத்திக் கொக்கி போட்டு, தாளை இழுத்துப் பாருங்கள். தாள் இறுக்கமாக நின்றால் அந்த இடம் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் காற்றும் அப்படியே வரும். எங்கள் ஜன்னலில் கீல் பக்கம் பரவாயில்லை, இரண்டு கதவும் சேரும் நடுப்பகுதிதான் மோசம், அடிப்பக்கம் இன்னும் மோசம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் லப்பமும் பல இடத்தில் காய்ந்து உதிர்ந்திருந்தது. ஆசாரியை அழைத்தபோது அவர் முதலில் சொன்னது, கதவை இழைத்துப் புதுசாகப் பொருத்தலாம் என்று. மழைக்காலத்தில் மரம் ஊதும், மாசியில் சுருங்கும். மழையில் அளவாக இழைத்தால் கோடையில் இடைவெளி விழும், கோடையில் அளவாக விட்டால் மழையில் சாத்தவே முடியாது. அதனால் மரத்தை மரம் போக்கில் விட்டுவிட்டு, ஊதினாலும் சுருங்கினாலும் கூடவே அமுங்கி எழும் ரப்பரை நிலையின் காடியில், அதாவது கதவு வந்து உட்காரும் வெட்டில், ஒட்டுவது என்று முடிவானது. இதற்கு ஸ்பாஞ்சு மாதிரி இருக்கும் ஃபோம் டேப்பை வாங்காதீர்கள், ஒரு சீசனில் தட்டையாகிவிடும், தண்ணீரையும் குடிக்கும். கார் கதவில் இருப்பதுபோன்ற, நடுவில் குழலாக இருக்கும் ஈபிடிஎம் ரப்பர் கிடைக்கிறது, அதுதான் நிற்கும். ஒட்டுவதற்கு முன்னால் காடியில் இருக்கும் பழைய பெயிண்ட் பொருக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் துடைத்து, நன்றாகக் காய விட வேண்டும். மலையில் பனிக்காலத்தில் மரம் எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும், ஈரத்தில் ஒட்டினால் ஒரு வாரத்தில் தொங்கும். ஹேர் டிரையரால் காய வைத்துவிட்டு ஒட்டினோம்.

நடுவில் இரண்டு கதவும் சேரும் இடத்துக்கு ஒரு ரீப்பர் பட்டியை ஒரு கதவில் வெளிப்பக்கமாக அடித்தோம், சாத்தும்போது அந்தப் பட்டி இன்னொரு கதவின்மேல் வந்து அமரும். பழைய லப்பத்தைச் சுரண்டிவிட்டுப் புதுசு வைத்தோம். இவ்வளவில் ஊதுபத்திப் புகை கிட்டத்தட்ட நேராக நிற்க ஆரம்பித்துவிட்டது. செலவைப் பார்த்தால் முழு வேலையிலும் இதுதான் மிகக் குறைவு, பலனில் இதுதான் முதல். ஜன்னலுக்கு வேறு எதுவும் செய்ய முடியாவிட்டால் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

அடுத்தது கண்ணாடி. காற்று நின்ற பிறகும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் தோளில் குளிர் அடிக்கிறது என்று அம்மா சொல்வார், தெர்மாமீட்டர் 20 காட்டும்போதும் சொல்வார். அவர் சொல்வது சரிதான். உள்ளே 20, வெளியே 12 என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் சுமார் 14 டிகிரியில் நிற்கும். நம் உடம்பிலிருந்து வெப்பம் அந்தக் குளிர்ந்த முகத்தை நோக்கிக் கதிராகப் போய்க்கொண்டே இருக்கும், அறைக்காற்று எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்தப் பக்கம் சில்லென்றுதான் இருக்கும். அதோடு கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று கனமாகி, ஜன்னலடியில் இறங்கி, தரையோடு பரவிக் காலுக்கு வரும். இடுக்கே இல்லாத ஜன்னலிலும் 'எங்கிருந்தோ காற்று வருது' என்று தோன்றுவது இதனால்தான்.

கடையில் கிடைக்கும் இரட்டைக் கண்ணாடி யுபிவிசி ஜன்னல் போடுவது ஒரு வழி, ஆனால் நிலையோடு பெயர்க்க வேண்டும், சுவர் பூச்சு உடையும், விலையும் வேறு மாதிரி. இருக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு தகடு போட்டாலே கிட்டத்தட்ட அதே பலன் வரும். வெப்பத்தைத் தடுப்பது அடைபட்ட காற்றுதான், கண்ணாடியின் தடிமன் பெரிதாக எதுவும் செய்யாது. மூன்று மில்லிமீட்டர் கண்ணாடியை ஐந்தாக மாற்றினால் குளிர் குறையும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். இடைவெளி 12 முதல் 20 மில்லிமீட்டர் இருந்தால் சிறப்பு, அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் காற்று தானே சுற்ற ஆரம்பிக்கும், ஆனாலும் பெரிய நஷ்டம் இல்லை. நம் ஜன்னல்களில் கதவு வெளிப்பக்கம் திறக்கும், நடுவில் கம்பி இருக்கும், உள்தகடு அதற்கும் உள்ளே வரும், ஆக மூன்று அங்குல இடைவெளி தவிர்க்க முடியாதது. அப்படியும் சதுர மீட்டருக்கு 5.7 வாட் என்பது மூன்றை ஒட்டி இறங்குகிறது.

கண்ணாடிக்குப் பதில் மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக் எடுத்தேன். எடை கண்ணாடியில் பாதிகூட இருக்காது, அம்மா தனியாகவே தூக்கி இறக்கலாம், விழுந்தால் சில்லாக உடையாது. கீறல் விழும், அதனால் ஈரமான பருத்தித் துணியில் மட்டும்தான் துடைக்க வேண்டும். எரியக்கூடிய பொருள், அதனால் ஹீட்டர் அதற்கு அருகில் இருக்கக் கூடாது. சேலத்தில் அளவுக்கு வெட்டி வாங்கி, பழைய கம்பளியில் சுற்றிக் காரின் பின்சீட்டில் நிறுத்திக் கொண்டுவந்தேன். ஆசாரி ரீப்பரில் ஒரு சட்டம் செய்து பீடிங் அடித்துத் தகட்டைப் பொருத்தினார். இதில் ஒரு விஷயம்: அக்ரிலிக் வெயிலில் நீளும், கண்ணாடியைப் போல இறுக்கிப் பொருத்தினால் வில்லாக வளையும். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் லூசு விட்டுத்தான் பீடிங் அடிக்க வேண்டும். அளவு எடுக்கும்போது ஜன்னல் நிலையை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து குறைந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள், எந்த நிலையும் முழுச் சதுரமாக இருப்பதில்லை.

சட்டத்தின் பின்பக்கம் அதே ஈபிடிஎம் ரப்பர், நான்கு பக்கமும் திருப்பி விடும் சின்னத் தாழ். எதையும் ஆணியடித்து நிரந்தரமாக மூடவில்லை. ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் தாழைத் திருப்பிச் சட்டத்தை இறக்கிவிட்டு, கம்பி வழியாகக் கைவிட்டு வெளிக்கதவைத் தள்ளலாம். வயதானவர்கள் இருக்கும் அறையில் ஜன்னல் சட்டென்று திறக்க வராமல் போகக் கூடாது.

இரண்டு அடுக்கில் எது இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். உள்தகடுதான். அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று நடு இடைவெளிக்குள் புகுந்தால் வெளிக்கண்ணாடியில் பட்டு வியர்த்து, இடையில் தண்ணீர் தேங்கி, கீழ்ச் சட்டம் அழுகும். அதனால் உள்தகட்டைச் சுற்றி எங்கும் விடாமல் ரப்பர் வைத்தோம், வெளிக்கதவின் அடிப்பக்கம் மட்டும் விரல் நீளத்துக்கு ரப்பரை வெட்டி எடுத்தோம், தப்பித்தவறி உள்ளே போகும் ஈரம் அந்த வழியாக வெளியே போய்விடும்.

தகடு போட்ட பிறகு உள்முகத்தின் வெப்பம் 14இலிருந்து 17 டிகிரிக்கு ஏறியது. மூன்று டிகிரிதானே என்று தோன்றலாம். 20 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 16 டிகிரியைச் சற்றுத் தாண்டிய முகத்தில் பட்டாலே நீர் கோத்துவிடும். 14 டிகிரிக் கண்ணாடி தினமும் காலையில் அழுதது, 17 டிகிரித் தகடு காய்ந்தே இருக்கிறது. ஜன்னல் திண்டில் துணி விரித்து வைக்கும் வேலை அம்மாவுக்கு மிச்சம்.

இனி வெண்டிலேட்டர். இதில்தான் எனக்கும் ஆசாரிக்கும் பேச்சு நீண்டது.

"சிமெண்ட் வெச்சுப் பூசிட்டா ஒரு பொட்டுக் காத்து வராது தம்பி, அரை நாள் வேலை" என்றார்.

"வேண்டாங்கண்ணா, அவங்க ரெண்டு பேரும் மூச்சு விடணும்ல" என்றேன்.

அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம், ஏனென்றால் அறையின் மிகப் பெரிய ஓட்டை அதுதான். சூடான காற்று மேலேதான் சேரும், அங்கேயே வாசல் திறந்திருந்தால் கீழே எவ்வளவு அடைத்தாலும் ஏதோ ஒரு வழியாகக் குளிர்காற்று இழுபட்டு வரும். ஆனால் முழுசாக மூடினால் என்ன ஆகும்? தூங்குகிற ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். இரண்டு பேருக்கு 24 லிட்டர். 34 கன மீட்டர் அறையை முழுசாக அடைத்துவிட்டால் மணிக்கு மணி எழுநூறு பிபிஎம் (பத்து லட்சம் பங்குக் காற்றில் எழுநூறு பங்கு) ஏறும், வெளிக்காற்றில் இருப்பது 420 பிபிஎம் சுமார். விடியும்போது ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். தலைவலி, அசதி, எழும்போதே சோர்வு, எல்லாம் வரலாம். நீராவியும் அப்படியே. இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் தோலிலும் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் அறைக்காற்றில் சேர்கிறது. அந்த அறையின் மொத்தக் காற்றும் 20 டிகிரியில் தாங்கக்கூடிய நீராவியே 600 கிராமுக்குள்தான். போக வழியில்லாத ஈரம் சுவர் மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் போய் உட்காரும், சுவர் முகத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கும். இழுப்புள்ளவர் படுக்கும் அறையில் பூஞ்சையை வளர்த்துவிட்டு ஹீட்டர் போட்டு என்ன பயன்?

அதனால் ஜாலிக்கு உள்பக்கம் மரைன் பிளைவுட்டில் ஒரு மூடி, மேலே கீல், கீழே சங்கிலி. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணி மாட்டினால் திறப்பு கூடும், குறையும். ஜாலியின் வெளிப்பக்கம் கொசுவலை. ராத்திரியில் ஒரு வெண்டிலேட்டரை முழுசாக மூடிவிட்டு இன்னொன்றை ஒரு அங்குலம் மட்டும் திறந்து வைக்கிறார்கள். அறைக்கதவின் அடியில் அரை அங்குல இடைவெளியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதன் வழியாக வருவது ஹால் காற்று, வெளிக்காற்றைவிட அது இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும், காலில் குத்தாது. வருகிற இடமும் போகிற இடமும் எவை என்று இப்போது நமக்குத் தெரியும், அளவும் நம் கையில் இருக்கிறது.

பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனும் இதே கதைதான். ஃபேன் ஓடாதபோது அது வெறும் ஒன்பது அங்குல ஓட்டை. காற்றுத் தள்ளும்போது திறந்து, நின்றதும் தானே மூடிக்கொள்ளும் ஷட்டர் மாட்டினேன். குளித்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஃபேன் ஓட வேண்டும், அறைப் பக்கத்துக் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

இதையெல்லாம்விடக் கடினமாக இருந்தது, அம்மாவைப் பனிமூட்டத்தில் ஜன்னலைத் திறக்க வைத்தது. "பனி உள்ளே வந்துரும் கண்ணு, சாத்து" என்பார். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதும் அதுதான். கண்ணுக்கெதிரே மேகம் நிற்கும்போது ஜன்னலைத் திறந்தால் அறை ஈரமாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சூடாக்கிய அறைக்கு நடப்பது நேர் எதிர். 12 டிகிரிக் காற்று முழுக்க முழுக்க ஈரமாக, நூறு சதவீதத்தில் இருந்தாலும் ஒரு கன மீட்டரில் பத்தரை கிராமை ஒட்டித்தான் நீராவி வைத்திருக்க முடியும். அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதனால் 17 கிராம் வரை தாங்க முடியும், ஆக அதன் ஈரப்பதம் 60 சதவீதமாக இறங்கிவிடும். அறைக்குள் ஏற்கெனவே தேங்கியிருக்கும் 80 சதவீதக் காற்றைவிட அது எவ்வளவோ காய்ந்தது. வாயால் சொல்லி அம்மா நம்பவில்லை, நம்ப வேண்டியதும் இல்லை. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டரை மேஜையில் வைத்துவிட்டு, அடர்ந்த பனியில் இரண்டு பக்கத்து ஜன்னலையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்து, பிறகு சாத்தினேன். வெப்பம் நான்கு டிகிரி இறங்கிக் கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறியது, ஈரப்பதம் எண்பதிலிருந்து அறுபத்தைந்துக்கு வந்து நின்றது. சுவரும் மெத்தையும் பிடித்து வைத்திருந்த ஈரத்தைத் திரும்பக் கொஞ்சம் விடும் என்பதால் முழுசாக அறுபதுக்கு இறங்காது. இப்போது மீட்டரைப் பார்த்து அம்மாவே திறக்கிறார்.

அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆகும் செலவைப் பாருங்கள். அறைக்காற்று முழுவதையும் ஒரு முறை எட்டு டிகிரி சூடாக்க 90 வாட்மணி, ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுவர், கட்டில், அலமாரி எல்லாம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், வெளியே போனது காற்றின் சூடு மட்டும்தான். அதே நேரம் 'காற்று வரட்டும்' என்று ஒரு கதவை ராத்திரி முழுக்க ஒருக்களித்து வைத்தால் மணிக்கு நான்கு முறை என்ற கணக்கில் எட்டு மணி நேரத்தில் முப்பத்திரண்டு முறை காற்று மாறும், மூன்று யூனிட் பக்கம் போய்விடும், ஜன்னல் பக்கத்துச் சுவரும் குளிர்ந்து கிடக்கும். படுக்கப் போகும் முன் ஒரு முறை, காலையில் எழுந்ததும் ஒரு முறை அகலத் திறந்து மூடுவது, நடுவில் வெண்டிலேட்டரின் ஒரு அங்குலம். இதுதான் எங்கள் வீட்டுக்குப் பொருந்திய ஏற்பாடு.

இந்தக் கணக்கு சூடாக்கிய அறைக்கு மட்டும்தான். ஹீட்டர் போடாத அறை, சுவர் 16 டிகிரியில் குளிர்ந்து கிடக்கிறது, வெளியே மழைக்குப் பின் வரும் இதமான ஈரக்காற்று 19 டிகிரி என்றால், திறந்தால் சுவர் வியர்க்கும். ஆடி, ஆவணியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இது நடக்கும்.

திரைச்சீலையும் வேலையில் பாதி. கம்பியில் தொங்கும் சாதாரணத் திரைக்கு மேலே திறப்பு, கீழே திறப்பு. சூடான காற்று மேல்வழியாகத் திரைக்குப் பின்னால் புகுந்து, கண்ணாடியில் குளிர்ந்து, கீழ்வழியாகக் காலுக்கு வரும். மேலே ஒரு பலகைப் பெட்டி அடித்து மூடி, திரையைத் திண்டு வரை தொடும்படி நீளமாகத் தைத்தால் அந்தச் சுற்று நிற்கும். உள்தகடு இல்லாமல் கனமான திரை மட்டும் போட்டால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து, திரைக்குப் பின்னால் இன்னும் அதிகமாக வியர்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பகலில் திரையை முழுக்க விலக்கிவிட வேண்டும். பனி விலகியதும் கிழக்கு ஜன்னலில் விழும் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சில நூறு வாட், அக்ரிலிக் அதில் பெரும்பகுதியை உள்ளே விடும், காசில்லாத ஹீட்டர் அது. கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டோம், பீரோவை உள்சுவருக்கு மாற்றினோம்.

ஹீட்டரைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கம்பி சிவக்கும் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர் எதுவானாலும் ஒரு யூனிட் கரண்டுக்குக் கிடைக்கும் வெப்பம் ஒன்றேதான், கரண்டைக் குறைவாக இழுக்கும் அதிசய மாடல் என்று யாராவது சொன்னால் அது குறைவாகத்தான் சூடாக்கும். ஆயில் ஹீட்டர் சத்தமில்லாதது, துணி பட்டாலும் சட்டென்று தீப்பிடிக்காது, தெர்மோஸ்டாட் நிதானமாக வேலை செய்யும், அதனால் வயதானவர்கள் அறைக்கு அதை வைத்திருக்கிறேன். ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தருவது சூடாக்கவும் செய்யும் இன்வெர்ட்டர் ஏசி மட்டும்தான், ஏற்காட்டு அளவுக் குளிரில் அது நன்றாகவே ஓடும், ஆனால் முகத்தில் காற்றடிப்பது அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது. 2000 வாட் என்றால் ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர், சின்ன பிளக்கில் மாட்டவே கூடாது, 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கேற்ற தனி ஒயரும் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அதே பிளக் மீட்டரில், அதே மாதிரிக் குளிர் இரவில், ஆறு யூனிட்டுக்குள் வந்தது. மொத்தச் செலவு, ஆசாரி கூலி சேர்த்து, நல்ல ஆயில் ஹீட்டர் ஒன்றின் விலைக்குள் அடங்கியது. மிச்சமிருக்கும் ஆறு யூனிட்டில் பெரும்பகுதி சுவர் வழியாகவும் தளம் வழியாகவும்தான் போகிறது. பங்குனியில் மழை இல்லாத நாளாகப் பார்த்துத் தளத்துக்கு மேல் தெர்மோகோல் பலகை பதித்து, அதன்மேல் ஓடு ஒட்டலாமா, இல்லை உள்ளே சீலிங் அடிக்கலாமா என்று ஆசாரியிடமும் மேஸ்திரியிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன். மேலே பதிப்பதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது, தளத்தின் கான்கிரீட்டும் சூட்டுப் பக்கம் வந்துவிடும். ஜன்னல் சட்டங்கள் இரண்டையும் அப்போது கழற்றி, எந்தச் சட்டம் எந்த ஜன்னலுக்கு என்று பின்பக்கம் பென்சிலில் எழுதி, பரணில் நிறுத்தி வைக்க வேண்டும், படுக்க வைத்தால் அக்ரிலிக் தொய்ந்துவிடும்.